விருந்தாளிச் சட்டைகள்

அந்த வட்டாரத்துக் கால்பந்துக் கழகங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. யார் ஊரில் ஆட்டமோ, அந்த ஊர்க்காரர்கள்தான் இரண்டு அணியின் உடுப்புகளையும் துவைத்துக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் சேற்றுச் சட்டைகளை மூட்டை கட்டிப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். துவைத்து மடித்த சட்டைகள் பின்னாலேயே அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரும். மைதானத்தில் ஒருவர் காலை ஒருவர் முறிக்காத குறையாக ஆடினாலும் இந்த விஷயத்தில் மட்டும் யாரும் வார்த்தை மாறியதில்லை. எதிரணி உடுப்புக்கு விருந்தாளிச் சட்டை என்றே பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவனை அழுக்கோடு அனுப்பினால் யாருக்கு மானக்கேடு என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

சலவைக்கடை மைதானத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. கீழே கடை, மேலே வீடு. இரண்டு பெரிய மெஷின்கள், ஒரு சிமென்ட் தொட்டி, பின்கட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறுகள். கடையை நடத்துகிறவளை ஊரே கடையம்மா என்று கூப்பிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது. ஒரு நாளும் எட்டிப் பார்த்தவளில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு கூச்சல் எழும்பும், அடங்கும். நம் ஆட்கள் கோல் போட்டார்களா, வாங்கினார்களா என்று கூச்சலை வைத்துத் தெரிந்துகொள்வாள். அவளுக்கு அவ்வளவு போதும்.

அவள் வீட்டுக்காரர் காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். ஏலக்காரர் என்றால் அவர்தான். விடியும் முன்பே மூட்டைகளின் மேல் ஏறி நின்று குரல் கொடுத்தாரென்றால் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் டீ குடிப்பவன் கையிலிருக்கும் கிளாஸ் ஆடும். வாடிப்போன முட்டைக்கோஸைக்கூட நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி வர்ணித்துத் தள்ளிவிடுவார். வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். காலையில் மனைவி எடுத்து வைத்த பழைய சட்டையை உயர்த்திப் பிடித்து, இதை யார் கேட்கிறீர்கள் என்று ஏலம் போடுவார். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி நிற்பாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் சண்டை வந்ததுண்டு, சிரிப்பு வராத நாள் இருந்ததில்லை.

அந்தத் தொண்டைக்காக அவள் ஒரு சாறு காய்ச்சுவாள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, இஞ்சியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேன் விட்டு, பாட்டிலில் ஊற்றி மூடி வைப்பாள். மார்க்கெட்டுக்கு ஒரு பாட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு பாட்டில். இஞ்சியை வடிகட்டாமல் நார் நாராகவே விட்டால்தான் அவருக்குப் பிடிக்கும். பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் குச்சியால் நோண்டிக்கொண்டே இருக்கலாம், அதில் ஒரு சுகம் என்பார்.

அந்த வாரம் ஆட்டத்தன்று நல்ல மழை. திங்கட்கிழமை காலையில் மூட்டையை அவிழ்த்தபோது சேறு, புல், வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடித்தது. நம் ஊர்ச் சட்டை பச்சை, அதனால் பாதி அழுக்கு தெரியாது. விருந்தாளிகளுடையது வெள்ளை. எந்த மகராசன் கால்பந்துக்கு வெள்ளைச் சட்டை தைத்தானோ என்று கடையம்மா வழக்கம்போல் ஒரு திட்டுத் திட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். கடைக்கு இஸ்திரி போடும் பெட்டியக்கா பக்கத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்து வளர்ந்தவள், அதனால் அந்தப் பெயர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, கால்பந்துதான் எல்லாம். ஓர் ஆட்டம் விடமாட்டாள்.

ஏழாம் நம்பர் சட்டை கைக்கு வந்தது. கழுத்துப்பட்டியிலிருந்து நடுமுதுகு வரை சிவப்பாக இறங்கியிருந்தது.

ரத்தமாக இருக்கும் என்றாள் பெட்டியக்கா. ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடையம்மா சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும், இது அப்படி இல்லை. கழுத்துப்பட்டியின் மடிப்பில் விரலை விட்டபோது நார் நாராக ஏதோ ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். இஞ்சி. தன் கையால் தட்டிப் போட்ட இஞ்சி.

"அக்கா, நேத்து என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும், ஆட்டம்தான் நடந்துச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு."

"பெட்டியைக் கீழ வைங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பெட்டியக்கா பெட்டியை வைத்தாள். சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். எதிரணியில் அந்த ஏழாம் நம்பர் பையன் கறுத்த நிறம், சுருட்டை முடி, அப்பன் ஆத்தாள் எங்கிருந்தோ கப்பலேறி வந்தவர்கள். பையன் பிறந்ததென்னவோ பக்கத்து ஊரில்தான். நன்றாக ஆடுகிறவன், அதுவும் ஒரு குற்றமாகிவிட்டது. அவன் பந்தை எடுத்து எறிய ஓரத்துக்கு வரும்போதெல்லாம் இந்தப் பக்கத்து மூலையில் உட்காருகிறவர்கள் குரங்கு மாதிரி சத்தம் போடுவார்கள். உன் ஊருக்குப் போடா என்பார்கள். நேற்றும் போட்டார்கள். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு எறிந்துவிட்டுப் போகிறவன், நேற்று நின்று திரும்பிப் பார்த்தான். எந்த ஊருக்கு என்று கேட்டான். பந்தை எறிய அவன் மறுபடி திரும்பியபோது யாரோ பின்னாலிருந்து பாட்டிலைத் திறந்து அவன் மேல் கொட்டிவிட்டார்கள்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்குமே அந்தச் சத்தம். எதுக்குன்னு நீ கேட்டதே இல்லியா?" என்றாள் பெட்டியக்கா.

ஊ ஊ என்று ஒரு சத்தம் வருவது கடையம்மாவுக்குத் தெரியும். மெஷின் ஓடுகிற இரைச்சலில் அதை ஏதோ உற்சாகம் என்று நினைத்திருந்தாள். அந்த மூலையில் உட்காருகிறவர்களில் முதல் ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை. மார்க்கெட்டையே ஆட்டுகிற தொண்டை இருக்கும்போது வேறு யார் தொடங்கியிருக்க முடியும்.

மற்ற சட்டைகளை மெஷினில் போட்டாள். ஏழாம் நம்பரை மட்டும் போடவில்லை. மாடிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காரும் நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்தாள். கறை தெரிகிற மாதிரி மாட்டினாள். பிறகு முட்டையை உடைத்து ஊற்றினாள், உருளைக்கிழங்கை வதக்கினாள். கோபம் வந்தால் சமைக்காமல் படுத்துக்கொள்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் யார் என்றே தெரியவில்லை போலிருந்தது. இனி அவர் சட்டையை ஏலம் போட்டால் தனக்குச் சிரிப்பு வருமா என்று நினைத்துப் பார்த்தாள். வராது என்று தோன்றியதும் அழுகை வந்தது.

ஏலக்காரர் மத்தியானம் வந்தார். காதுக்குப் பின்னால் ஒரு காலிஃபிளவர் இலை ஒட்டியிருந்தது. வரும்போதே பசி பசி என்றுகொண்டு வந்தவர் நாற்காலியை இழுத்தார், சட்டையைப் பார்த்தார், இழுத்த கையை எடுத்துவிட்டார்.

இங்கேதான் அவர் செய்த தப்பின் முழு லட்சணம் அவருக்கு விளங்கியது. எதிரணிச் சட்டை என்று கொட்டினாரே, அது மறுநாள் யார் வீட்டுக்கு வரும், யார் கையில் விழும் என்று ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஒரு கணம் அவருக்கு மட்டும் மறந்துபோயிற்று. பொண்டாட்டி காய்ச்சிய சாற்றை, பொண்டாட்டி துவைக்கப்போகிற சட்டையிலேயே ஊற்றிய புத்திசாலி அந்த வட்டாரத்தில் வேறு ஒருத்தரும் இருக்க முடியாது.

"கை தவறிடுச்சு" என்றார்.

"மூடி திருகு மூடி. கை தவறினா திறக்காது."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் அதற்கு இடமில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆட்டச் சூடு என்றார். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன் என்றார். எதிரணி என்றால் எல்லாரையும்தான் வைகிறோம், கோல்கீப்பரைப் பார்த்து ஓட்டைக் கை என்கிறோம், அவனென்ன கோபித்துக்கொண்டா போனான் என்றார்.

"கோல்கீப்பர் பந்தை விட்டான், ஓட்டைக் கைன்னீங்க. இந்தப் பையன் என்ன செஞ்சான்?"

அவர் முட்டைத் தட்டுக்குக் கை நீட்டினார், அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

"சரி. அங்க போட்ட சத்தத்தை இங்க ஒரு தடவை போடுங்க."

"என்னது?"

"அதான், ஊ ஊன்னு. நான் கேட்டதே இல்லை, சுவரு நடுவுல இருக்கு. இப்ப நான் எதிர்ல இருக்கேன். போடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். விடியும் முன்பே மூட்டைகளின் மேல் நின்று கத்துகிற மனுஷனுக்கு நாலு சுவருக்குள் அந்த ஒரு சத்தம் வரவில்லை. முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா உங்களை ஒரு வார்த்தை சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். "வந்தேறி மகனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டேனேன்னு. ஒரே ஒரு தடவை. உங்கப்பா தகரப்பெட்டியோட இந்த ஊர்ல வந்து இறங்கினவருதானே, பொய்யொண்ணும் இல்லையே. அதுக்கு நம்ம மூத்த பொண்ணு பொறக்கற வரைக்கும் எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா நீங்க?"

அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். காதுக்குப் பின்னால் இருந்த இலையை எடுத்துக் கையில் வைத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, சட்டையைக் கொடு, நான் துவைக்கிறேன் என்றார்.

அவள் கீழே கூட்டிப்போனாள். சொல்லிக்கொடுத்தாள், ஆனால் தொடவில்லை. சுடுதண்ணீர் பட்டால் கறை நிலைத்துவிடும், பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். உப்பைப் போட்டு, வினிகரை விட்டு, முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். ஏலக்காரர் சிமென்ட் தொட்டியின் முன் குனிந்து நின்று இரண்டு மணி நேரம் அந்த ஒரு சட்டையோடு மல்லுக்கு நின்றார். கழுத்துப்பட்டியின் மடிப்பிலிருந்து இஞ்சி நாரை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். பெட்டியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்குப் புதுசா வேலை கிடைச்சிருக்கு போல என்று சொல்லி ஓடிப்போனாள். வெயிலில் போட்டு எடுத்தபோது சிவப்பு போயிருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் முதுகில் லேசாக ஒரு ரோஸ் நிறம் தெரிந்தது.

"இனிமே நான் ஆட்டத்துக்கே போகல. போதுமா?" என்றார்.

"எனக்கெதுக்குச் சொல்றீங்க. சட்டை என்னுதா?"

வழக்கமாக மூட்டையை அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். மறுநாள் சாயங்காலம் அவரையும் கிளப்பினாள். பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் பச்சை வயல்கள், செங்கல் சூளைகள், நனைந்த மாடுகள். காய்கறி லாரி ஒன்று தாண்டிப் போனது, எந்த ஊர்ச் சரக்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தப் பையன் கை ஓங்கிவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. இந்த மனுஷன் கடைசி நேரத்தில் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவாரோ என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் அதிகம் பயந்தாள்.

அந்த ஊர்க் கழகம் ஒரே ஓர் அறை. பெஞ்சுகள், ஆணியில் தொங்கும் பைகள், தரையெல்லாம் புல். பயிற்சி முடிந்து பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுப்பதுதான் முறை. ஏலக்காரர் கூப்பிட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. ஒவ்வொருத்தராக வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் அக்கா என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்கள். ஏழாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பகலில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை, நகக்கண்ணெல்லாம் வெள்ளை சிமென்ட். எல்லாரும் போன பிறகுதான் எழுந்து வந்தான்.

ஏலக்காரர் சட்டையை நீட்டினார், ஆனால் கையிலிருந்து விடவில்லை.

"தம்பி, இதுல ஊத்தினது நான்தான்."

"தெரியும்ணே."

"பார்த்தியா?"

"பார்க்கல. உங்க குரல் எனக்குத் தெரியும். இந்தச் சத்தத்தை உங்க ஊருக்கு வர்றப்பெல்லாம் கேக்கறேன், முதல்ல வர்றது உங்க குரல்தான். உங்க மார்க்கெட்டுல கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்திருந்தேன் ஒரு தடவை. வெளிய ஏலம் நடக்குது. எட்டிப் பார்க்காமயே கண்டுபிடிச்சேன்."

"அப்பவே வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமே."

"வேலைக்கு வந்த எடத்துலயா?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. இதுகூடத் தெரியாதா என்பது போலச் சொன்னான்.

ஏலக்காரர் மன்னிப்புக் கேட்டார். நழுவவில்லை, ஆட்டச் சூடு என்றெல்லாம் சொல்லவில்லை. நான் தொடங்கினேன், மத்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க, நான் செஞ்சது அசிங்கம் என்று சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். இனிமேல் அந்த மைதானத்துப் பக்கமே வரமாட்டேன், இது சத்தியம் என்று அவர் முடித்தார்.

பையன் சட்டையை வாங்கிப் பிரித்தான். முதுகுப் பக்கம் பார்த்தான், கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பார்த்தான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"நீங்க வராம இருந்தா எனக்கு என்னண்ணே ஆகப்போகுது?" என்றான். "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை வீட்டுல தூக்கம். அந்த மூலையில மத்தவங்க அப்படியேதான் இருப்பாங்க. நான் பந்து எறிய அங்கதான் வந்தாகணும். கோப்பை ஆட்டத்துக்கு மறுபடியும் உங்க ஊருக்குத்தான் வர்றோம். வந்து அதே எடத்துல உக்காருங்க. தொடங்கத் தெரிஞ்சவருக்கு நிறுத்தத் தெரியாதா, பார்க்கலாம்."

அக்கா, நல்லா வந்திருக்கு சட்டை என்று அவளிடம் சொன்னான். நான் துவைக்கலப்பா என்றாள் அவள். அவன் ஏலக்காரரின் கைவிரல்களைப் பார்த்தான். உப்பும் வினிகரும் தின்று முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

கோப்பை ஆட்டம் வரும்வரை ஏலக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லெறி பட்டாலும் தாங்கிவிடுவேன், கூட உட்காருகிறவர்கள் சிரித்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் கேட்டார். மார்க்கெட்டில் அந்த மூலை ஆட்களிடம் சொல்லிப் பார்த்தாராம். பொண்டாட்டி போட்ட சட்டமா என்று கேட்டார்களாம். இரண்டு பேர் மட்டும் சரிங்க என்றார்களாம். கடையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின்களை நிறுத்திவிட்டுத் தலையை வாரிக்கொண்டு, வாங்க போகலாம் என்றாள். எங்கே என்றார் அவர். சுவருக்கு அந்தப் பக்கம் என்றாள்.

இத்தனை வருஷம் கூச்சலாக மட்டுமே தெரிந்த இடம் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நல்ல வெயில், லேசான காற்று. பெட்டியக்கா இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் அவள். ஏலக்காரர் குடும்பத்தோட சுற்றுலா வந்துட்டாருடா என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துபோனார்கள், அவர்கூட. கையைப் பிசைந்தார், தொடையில் அடித்துக்கொண்டார், ஐயோ விட்டானே என்றார். இவருக்கு இது எவ்வளவு பிடித்தமான இடம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இதை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாரே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பந்து ஓரக்கோட்டைத் தாண்டி அவர்கள் மூலைக்கே உருண்டு வந்தது. ஏழாம் நம்பர் எடுக்க வந்தான். இந்தப் பக்கம் பார்க்காமல்தான் வந்தான். பின்வரிசையில் எங்கேயோ மெல்ல ஒரு ஊ கிளம்பியது. இன்னொன்று சேர்ந்தது.

ஏலக்காரர் எழுந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இந்தச் சத்தத்தை இங்க தொடங்கி வெச்சவன் நான். அசிங்கம்னு தெரியாமத் தொடங்கிட்டேன். இப்பத் தெரியும். நிறுத்துங்க."

மார்க்கெட் குரல். எதிர்ப்பக்கத்து வரிசைவரை கேட்டிருக்கும். ஒரு கணம் அந்த மூலை வாயடைத்துப் போனது. பிறகு, உக்காருய்யா ஆட்டம் மறைக்குது என்று ஒருவன் கத்தினான். கடலைத்தோல் ஒரு பிடி அவர் தோளில் வந்து விழுந்தது. இரண்டு மூன்று பேர் வேண்டுமென்றே இன்னும் பலமாகச் சத்தம் போட்டார்கள். மார்க்கெட்டில் சரி என்று சொன்ன அந்த இருவர் எழுந்து, அதான் சொல்றாருல்ல என்றார்கள். அவர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சத்தம் போடுகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு துடித்தது. உதடு வறண்டிருந்தது. கடையம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பயத்தால் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனுஷனை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வாயாக மூடியது. கடைசியாக ஒருவன் மட்டும் ஊ என்று பாதி சொன்னவன், தனியாகக் கேட்டதால் தானே கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டான். அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் பந்து எறியப்பட்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அத்தனை முகங்களும் ஒரே திசையில் திரும்பின. கண்கள் விரிந்தன, சிலர் தலையில் கை வைத்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து விருந்தாளிக் கூட்டத்தின் ஆரவாரம் எழுந்தது.

அவர் திரும்பினார். வலையில் பந்து கிடந்தது. ஏழாம் நம்பரை மற்றவர்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த மைதானத்தில் விழுந்த ஒரு கோலைக்கூடத் தவறவிட்டதில்லை என்று மார்பைத் தட்டுகிறவர், கண்முன்னே விழுந்ததைப் பார்க்காமல் நின்றுவிட்டார். பெட்டியக்காவைக் கேட்கலாமென்றால் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கம் குனிந்தார்.

"எப்படிப் போட்டான்? எந்தக் கால்? சீக்கிரம் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அவள். "நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."